சிஸ்டரம்மா பதில்கள்: எந்தக் கல், எந்தப் பை?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் பற்றியவை. ஆகையால் காய்ச்சல், இருமல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை. ரங்கூனில் 36 வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்ற நர்ஸ். மருந்து எழுதித் தரமாட்டேன். ரிப்போர்ட்டைப் பார்த்து ஆபரேஷன் வேண்டும், வேண்டாம் என்று தீர்ப்பும் சொல்லமாட்டேன். மேஜைமேல் படுத்தவர்களின் வயிற்றுக்குள் என்ன இருந்தது, கதவுக்கு வெளியே நின்ற சொந்தக்காரர்கள் என்ன இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், இந்த இரண்டையும் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். அதை வைத்து எழுதுகிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. வயிற்றில் கல் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதமாக வாழைத்தண்டுச் சாறு கொடுக்கிறோம். வலி நிற்கவில்லை. இப்போது பையையே எடுக்கணும் என்கிறார்கள். கல்லை மட்டும் எடுத்தால் போதாதா? பை போய்விட்டால் சாப்பாடு எப்படிச் செரிக்கும்?
(ரங்கூன் பக்கத்துச் சிரியம் ஊரிலிருந்து ஒரு மகள்)

பதில்: மகளே, டாக்டர் பர்மியத்தில் என்ன சொன்னார் என்பதையும் எழுதியிருக்கலாம். பரவாயில்லை. ‘பையை எடுக்கணும்’ என்று வருகிறதே, அதிலேயே தெரிகிறது. அம்மாவுக்கு இருப்பது பித்தப்பைக் கல். நீங்கள் மூன்று மாதமாக வைத்தியம் பார்ப்பது சிறுநீரகக் கல்லுக்கு.

உங்களைக் குறை சொல்லவில்லை. இந்தக் குழப்பம் இங்கே பர்மாவில் நம் தமிழர் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. பர்மியத்தில் ‘ச்சவுக்’ என்றால் கல். சிறுநீரகத்துக்குப் பேர் ‘ச்சவுக்கப்’. பித்தத்துக்கு ‘தெஜே’. டாக்டர் ‘தெஜே ச்சவுக்’ என்று சரியாகத்தான் சொல்லியிருப்பார். நம் காதில் ‘ச்சவுக்’ மட்டும் நிற்கிறது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது ‘ச்சவுக்கப்’ ஆகி, கிட்னியில் கல் என்று அக்கம்பக்கமெல்லாம் செய்தி போய்விடுகிறது. அப்புறம் மொகிங்கா என்கிற பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸில் போடுகிற வாழைத்தண்டு அடுப்படியில் மருந்தாகிவிடுகிறது.

நான் தியேட்டர் வேலைக்குப் போன புதிதில் ஓர் அம்மாளைக் கொண்டுவந்தார்கள். வயல் வேலை செய்கிறவர். கண் இரண்டும் மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி. குளிர்க் காய்ச்சலில் கட்டிலே ஆடியது. ஒரு வருஷமாக வாழைத்தண்டுச் சாறு குடித்திருக்கிறார். கூட வந்த மகன் பர்மியப் பள்ளியில் படித்தவன், டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவனுக்குப் புரிந்தது. ஆனால் பித்தப்பை என்ற தமிழ்ச் சொல் அவனுக்குத் தெரியாது. ஆகையால் அம்மாவிடம் ‘வயித்துல கல்லு’ என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அம்மாளுக்குத் தமிழ் தெரியும், டாக்டர் பேசியது தெரியாது. நடுவில் ஒரே ஒரு சொல் இல்லாமல் ஒரு வருஷம் போய்விட்டது. அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஐந்து நாளில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் ஐந்து வாரம் படுத்திருந்தார். அந்த மகனின் முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. இந்தப் பகுதியில் நான் ஒவ்வொரு உறுப்புக்கும் இரண்டு மொழியிலும் பேர் எழுதுவது அவனால்தான்.

சரி, இடத்தைப் பார்த்துவிடுவோம். வலது பக்க விலா எலும்பு முடிகிற விளிம்பில் விரலை வையுங்கள். உள்ளே கல்லீரல். அதன் அடியில் ஒட்டிக்கொண்டு, சின்னப் பேரிக்காய் வடிவத்தில், 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பை தொங்குகிறது. அதுதான் பித்தப்பை. சிறுநீரகங்கள் இரண்டும் முதுகுப் பக்கம், முதுகெலும்புக்கு இரு புறமும் இருக்கின்றன. சிறுநீரகத்தின் குழாய் மூத்திரப்பைக்குப் போகிறது. பித்தப்பையின் குழாய் சிறுகுடலுக்குப் போகிறது. இரண்டு வழியும் எங்கேயும் சேர்வதில்லை. அதனால் எத்தனை செம்பு சாறு குடித்தாலும், மூத்திரம் எவ்வளவு தாராளமாகப் போனாலும், பித்தப்பையில் இருக்கிற கல் அசையாது.

வலியும் வேறு. பித்தப்பைக் கல் வலி எண்ணெய்ப் பலகாரமோ கொழுப்புக் கறியோ சாப்பிட்ட பிறகு, பெரும்பாலும் ராத்திரியில், வலது மேல் வயிற்றில் பிடிக்கும். முதுகில் வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே குத்தும். சில மணி நேரம் இருந்துவிட்டு விடும். சிறுநீரகக் கல் வலி இடுப்பின் பக்கவாட்டில் தொடங்கித் தொடையிடுக்கு வரை இறங்கும். ஆளைப் படுக்க விடாது, உட்கார விடாது, புரட்டி எடுத்துவிடும்.

கல்லை மட்டும் எடுத்தால் என்ன என்று கேட்டீர்கள். ஆரம்ப காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். பையைத் திறந்து கல்லை எடுத்துவிட்டு மறுபடி மூடிவிடுவார்கள். மறுபடி கல் வரும். 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற டாக்டர் முதன்முதலில் பையையே எடுத்தார். கல்லை உண்டாக்குவதே அந்தப் பை, அதை விட்டுவைத்துப் பயனில்லை என்பது அவருடைய நியாயம். 1985இல் ஜெர்மனியிலேயே எரிக் மூஹே என்பவர் வயிற்றில் சின்னத் துளை போட்டு, குழாய் வழியாக அதே வேலையைச் செய்து காட்டினார். இப்போது பெரும்பாலும் அந்த முறைதான்.

எடுத்த பையை நாங்கள் கிட்னி ட்ரேயில் வாங்குவோம். (அந்தத் தட்டு சிறுநீரக வடிவத்தில் வளைந்திருக்கும், அதனால் அந்தப் பேர்.) டாக்டர் கத்தரியால் பையைக் கீறுவார். உள்பக்கம் பச்சை வெல்வெட் துணி மாதிரி இருக்கும், தொட்டால் வழுக்கும். கற்கள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழும்போது டிங், டிங் என்று சத்தம் கேட்கும். சிலருக்கு மஞ்சளாக, கொண்டைக்கடலை அளவில் ஒன்றிரண்டு. சிலருக்குக் கருப்பாக, மிளகு கொட்டின மாதிரி. சிலருக்கு ஒன்றோடு ஒன்று உரசி, பட்டை தீட்டின கல் போல முகம் முகமாக இருக்கும். அதைக் கழுவி ஒரு சின்னப் புட்டியில் போட்டு வீட்டாரிடம் காட்டுவேன். அதைப் பார்த்த பிறகு ‘பையை ஏன் எடுத்தார்கள்’ என்று யாரும் கேட்டதில்லை.

பை போனால் செரிக்குமா? செரிக்கும். பித்தநீரை உண்டாக்குவது கல்லீரல், ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை. பை அதில் ஒரு குழிக்கரண்டி அளவைச் சேர்த்துவைத்து, சுண்டவைத்து, கொழுப்புச் சாப்பாடு வரும்போது பிழிந்து விடுகிறது, அவ்வளவுதான். பை இல்லாவிட்டால் பித்தநீர் சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்குப் போய்ச் சேரும். கொஞ்ச நாளைக்குச் சிலருக்கு வயிறு இளகிப் போகும். எண்ணெயைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் பழகிவிடும்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் தோள்பட்டை வலிக்கிறது என்று அம்மா சொன்னால் பயப்படாதீர்கள். வயிற்றுக்குள் இடம் கிடைப்பதற்காகக் கரியமில வாயுவை ஏற்றி ஊதவைக்கிறார்கள். மிச்ச வாயு மேலே போய், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைத் தடுப்பான உதரவிதானத்தை உறுத்தும். அந்த உதரவிதானத்துக்கு நரம்பு கழுத்திலிருந்து வருகிறது, தோளுக்கும் அங்கிருந்துதான். மூளைக்கு எங்கே வலி என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, தோள் என்கிறது. எழுந்து நடக்க நடக்கக் குறையும்.

வலியே இல்லாமல், வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது கல் தெரிந்தது என்றால் பல டாக்டர்கள் சும்மா விட்டுவிடுவார்கள். உங்கள் அம்மா அந்த ரகம் இல்லை, அவருக்கு வலி வருகிறது. ஆபரேஷன் தேதிக்கு முன்னாலேயே கண் மஞ்சளானாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, வலி நெஞ்சுக்குழியில் நின்று முதுகுக்குப் பாய்ந்து வாந்தி நிற்காவிட்டாலோ, தேதியைப் பார்க்காதீர்கள். அன்றைக்கே கொண்டுபோங்கள். கல் பையை விட்டுக் குழாய்க்குள் இறங்கியிருக்கக்கூடும்.

கேள்வி: என் மனைவிக்கு ஆபரேஷனுக்கு முன்னால் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். என் அம்மா பெரிய சண்டை போட்டுவிட்டார். அவசியமா?
(பெகு வாசகர்)

பதில்: அவசியம் தம்பி. ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கத்தி பயன்படுத்துகிறார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுப்போகலாம். மயக்கத்தில் இருப்பவருக்குச் சுடுவது தெரியாது. நான் எப்போதும் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கும் மஞ்சள் கயிறும் கையோடு வைத்திருப்பேன். மாமியாரைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே அதைக் கட்டச் சொல்லி, அப்புறம் பொன் தாலியை அவரிடமே கழற்றிக் கொடுப்பேன். ஒரு மாமியாரும் மறுத்ததில்லை. முகத்தில் பூசுகிற தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்தையும் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். மூச்சுக்குழாயை ஒட்டுகிற பிளாஸ்டர் அதன்மேல் நிற்காது, முகம் வெளுக்கிறதா நீலம் பாய்கிறதா என்றும் தெரியாது.

இன்னொன்று. ‘ஒண்ணும் சாப்பிடவில்லை’ என்று சொல்லிவிட்டுப் பால் டீ குடித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. டீக்கடைப் பால் டீ சாப்பாட்டுக் கணக்கு. சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது பொது விதி. உங்கள் டாக்டர் அதற்கும் அதிகமாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. தெரியாமல் குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போகும், வேறொன்றும் ஆகாது.

கேள்வி: எனக்கு 43 வயது. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறேன். இடது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடுகிறது, இருமினால் வருகிறது. வலி இல்லை. பெல்ட் போட்டால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். ஆபரேஷன் செய்தால் ஆண்மை போய்விடும் என்று இன்னொருவர் சொன்னார். நான் என்ன செய்வது?
(தட்டோன் வாசகர்)

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருக்கிற அடையாளங்களைப் பார்த்தால் குடலிறக்கம் மாதிரி இருக்கிறது. டாக்டர் கை வைத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பர்மியத்தில் இதற்கு ‘ஊ ச்சா’ என்று பேர். ஊ என்றால் குடல், ச்சா என்றால் கீழே இறங்குவது. நம் சொல்லும் அவர்கள் சொல்லும் இந்த ஒரு நோயில் அப்படியே ஒத்துப்போகின்றன. இதை ஓதத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓதம் என்பது விதைப்பையில் நீர் கோத்துக்கொள்வது. அது படுத்தால் மறையாது.

மூட்டை தூக்குவதால் மட்டும் இது வந்துவிடவில்லை. ஆண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போது அதன் விதைகள் முதலில் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் அவை தொடையிடுக்கு வழியாகக் கீழே இறங்கி வருகின்றன. அவை வந்த அந்தப் பாதை ஆணுக்கு வாழ்நாள் முழுக்கப் பலவீனமான இடம். மூட்டை, ஓயாத இருமல், மலச்சிக்கலில் முக்குவது எல்லாம் அந்த இடத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவை இது வருகிறது. ஆகையால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கிழிந்த சாக்கில் கோணி ஊசி போடுகிற மாதிரி, தசைச் சுவரில் இருக்கிற ஓட்டைக்கு ஒட்டுப் போடவேண்டும். பெல்ட் ஓட்டையை அமுக்கிப் பிடிக்கும், அடைக்காது.

ஆபரேஷனில் வெளியே வந்த குடலை உள்ளே தள்ளி, அந்தச் சுவரின்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வலையை வைத்துத் தைக்கிறார்கள். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூலால் பின்னியது. கையில் எடுத்துப் பார்த்தால் கொசுவலைத் துண்டு போலவே இருக்கும். சில வாரத்தில் உங்கள் சதையே அதன் கண்களுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். விதைக்குப் போகிற ரத்தக்குழாயும் விந்துக் குழாயும் அந்த இடத்தில் ஒரு கயிறு மாதிரி ஓடுகின்றன. டாக்டர் அதை ஒரு மெல்லிய நாடாவால் தூக்கிப் பிடித்து ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். நாடாவை எடுத்துக் கொடுக்கிறவள் நான். எத்தனையோ நூறு தடவை கொடுத்திருக்கிறேன். விதைக்குக் கேடு வருவது மிக அரிது. ஆண்மை இதனால் போவதில்லை. சிலருக்கு அந்த இடத்தில் வலியோ மரத்துப்போன மாதிரியோ நீண்ட நாள் இருப்பது உண்டு. அதையும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வலி இல்லாததால் நாளைக்கே ஓட வேண்டியதில்லை. ஆனால் இதைக் கேளுங்கள். ஒரு நாள் அந்த வீக்கம் உள்ளே போகாமல் நின்றுவிட்டது, கல் மாதிரி கெட்டியாகிவிட்டது, வலிக்கிறது, வாந்தி வருகிறது, காற்றுப் பிரியவில்லை என்றால் அது வேறு கதை. குடல் ஓட்டைக்குள் மாட்டி, அதற்கு ரத்தம் போவது நின்றுவிட்டது. சில மணி நேரம்தான் கையில் இருக்கிறது.

அப்படி ஒருவரைப் பின்னிரவில் கொண்டுவந்தார்கள். சாயங்காலமே மாட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் எண்ணெய் போட்டு உருவிவிட்டிருக்கிறார்கள். திறந்து பார்த்தபோது ஒரு சாண் குடல் கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் இருந்தது. பெரிய டாக்டர் ‘வெந்நீர்த் துண்டு’ என்றார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். குடலைச் சுற்றிப் போர்த்திவிட்டு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தோம். ஐந்து நிமிஷம். துணியை எடுத்தார். கொஞ்சம் சிவப்பு. மறுபடி துணி, மறுபடி ஐந்து நிமிஷம். மூன்றாவது தடவை எடுத்தபோது ஓரத்தில் ஒரு விரல் அகலம் தவிர மற்றதெல்லாம் ரோஜா நிறத்துக்குத் திரும்பி, புழு நெளிகிற மாதிரி ஒரு அசைவு ஓடியது. அந்த அசைவைப் பார்த்ததும் மயக்க டாக்டர் கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். திரும்பாத துண்டை வெட்டித் தைத்தார்கள். இன்னும் மூன்று மணி நேரம் தாமதித்திருந்தால் முழுவதும் போயிருக்கும்.

ஆகையால் வயல் அறுப்பு சீசனுக்கு முன்னால், மில்லில் வேலை குறைவான மாதமாகப் பார்த்து, நீங்களே ஒரு தேதி குறித்துப் போய்ச் செய்துகொள்ளுங்கள். மறுநாளே நடக்கலாம். மூட்டை மட்டும் டாக்டர் சொல்கிற வரைக்கும் வேண்டாம்.

கேள்வி: ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, மூன்று விரலை நுழைத்துப் பார்த்தார். ‘குன்யா போடுவாயா, எத்தனை வருஷம்’ என்று கேட்டார். வயிற்றில் ஆபரேஷன், வெற்றிலையைப் பற்றி ஏன் கேட்கிறார்?
(ரங்கூன் வாசகர்)

பதில்: மயக்கத்தில் நீங்கள் மூச்சு விடுவதற்கு வாய் வழியாகக் குரல்வளைக்குள் ஒரு குழாய் போட வேண்டும். வாய் திறந்தால்தானே போடலாம்? உங்கள் விரலில் மூன்றை நிமிர்த்தி, முன்பற்களுக்கு நடுவில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் நல்லது. இரண்டுதான் போகிறது, ஒன்றுதான் போகிறது என்றால் கன்னத்தின் உள்தோல் இறுகிவிட்டது.

பாக்குதான் அதைச் செய்கிறது. பாக்கில் இருக்கிற சத்து வாயின் மெல்லிய தோலுக்குக் கீழே நாரை வளர்க்கிறது. கன்னம் தோல் செருப்பு மாதிரி விறைத்துப்போகும், காரம் பட்டால் எரியும், நாக்கை நீட்ட முடியாது. 1952இலேயே கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரிடம் இதைக் கண்டு எழுதிவைத்தார்கள். கடல் கடந்து போன இடத்துக்கெல்லாம் நம்மவர்கள் வெற்றிலைப் பெட்டியையும் கொண்டுபோயிருக்கிறோம். புகையிலை போடாமல் வெறும் பாக்கு போட்டால் ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பாக்கு மட்டுமே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்துவிட்டது. இந்த ஊரில் தெருவுக்குத் தெரு குன்யாக் கடை. மடித்துக் கொடுக்கிற பையனின் வாயும் சிவப்பு.

ஒரு விரல் மட்டும் நுழைகிற ஒருவருக்கு, முழித்துக்கொண்டிருக்கும்போதே மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, அதன்மேல் மூச்சுக் குழாயை ஏற்றினார்கள். அவர் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. உங்களுக்கு எத்தனை விரல் நுழைந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனையானாலும் இன்றைக்கே நிறுத்துங்கள். இறுகினது பழையபடி இளகாது, ஆனால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம். வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் எது இருந்தாலும் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு வயிற்றைக் கீறிக் குழந்தை எடுத்து 20 நாள் ஆகிறது. மாமியார் சோறும் உப்பும் வறுத்த கருவாடும் மட்டும் கொடுக்கிறார். முட்டை, மீன், காய் எல்லாம் புண்ணில் சீழ் வைக்கும் என்கிறார். தண்ணீரும் அளவாகத்தான்.
(மோல்மேன் வாசகி)

பதில்: கண்ணு, இந்தப் பதிலை உன் மாமியாருக்கே படித்துக் காட்டு. அவர் உன்மேல் அக்கறையில்தான் செய்கிறார், அவருக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

அம்மா, உங்கள் மருமகள் வயிற்றில் வெளியே தெரிவது ஒரு தையல். உள்ளே தோல், கொழுப்பு, தசையை மூடின கெட்டி உறை, அப்புறம் கருப்பை என்று அடுக்கடுக்காகத் திறந்திருக்கிறார்கள். தசையை மட்டும் வெட்டாமல் விலக்குவார்கள். இத்தனையும் ஒட்ட வேண்டும். ஒட்டுகிற பசை புரதத்தில் இருந்து வருகிறது. முட்டை, மீன், பருப்பு இல்லாமல் உடம்பு எதை வைத்து ஒட்டும்? கொய்யாவும் எலுமிச்சையும் அந்தப் பசையை முறுக்கேற்றும். சீழ் கிருமியால் வருவது. அழுக்குத் துணி, கழுவாத கை, கட்டுக்கடங்காத சர்க்கரை, இவற்றால் வருவது. முட்டையால் வருவதில்லை. பால் சுரக்கத் தண்ணீரும் தாராளமாக வேண்டும்.

குழந்தைக்காகவும் ஒன்று சொல்கிறேன், இதைக் கவனமாகக் கேளுங்கள். வெள்ளை வெளேரென்று தீட்டின அரிசி, அதையும் களைந்து களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டி, அதை மட்டுமே சாப்பிடுகிற தாய்க்கு பி1 என்கிற தயமின் சத்து தீர்ந்துபோகிறது. தாய்ப்பாலிலும் அது இல்லாமல் போகிறது. இரண்டு மூன்று மாதக் குழந்தை திடீரென்று பால் குடிக்காது, மூச்சு இரைக்கும், அழும்போது வாய் திறக்கும், சத்தம் வராது. இதற்குப் பெரிபெரி என்று பேர். பர்மாவில் இந்த நோயால் நிறையப் பச்சைக் குழந்தைகள் போயிருக்கின்றன. 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர் தீட்டின அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனதையும், தவிட்டோடு கொடுத்ததும் எழுந்து நடந்ததையும் பார்த்துத்தான் இதற்கு வழி பிறந்தது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சத்தமில்லாமல் அழுகிற ஒரு குழந்தையை வார்டில் பார்த்திருக்கிறேன். தயமின் ஊசி போட்டுச் சில மணி நேரத்தில் அது வீறிட்டு அழுதது. அதன் பாட்டி தரையில் உட்கார்ந்து கும்பிட்டார். பாட்டியும் நல்ல எண்ணத்தில்தான் பத்தியம் வைத்திருந்தார். இன்றைக்கே பருப்பும் முட்டையும் கீரையும் சேருங்கள் அம்மா.

கேள்வி: சிஸ்டரம்மா, நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். நர்ஸ் ஆக ஆசை. உடம்பின் உறுப்புகளைப் பற்றிப் படிக்க எங்கிருந்து தொடங்குவது? கோயில் வகுப்பில்தான் தமிழ் படித்தேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள்.
(துவாந்தே மாணவி)

பதில்: பிழை இரண்டே இரண்டுதான். ஒற்று விட்டுப்போயிருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உன்னுடையது.

புத்தகத்தை அப்புறம் திற. முதலில் உன் உடம்பில் தொடங்கு. கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வை, நாடி துடிக்கும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணு. படி ஏறி இறங்கிவிட்டு மறுபடி எண்ணு. கழுத்துக் குழியிலிருந்து நெஞ்செலும்பின்மேல் விரலை இறக்கிக்கொண்டு வா, ஒரு மேடு தட்டும். அதற்கு நேரே பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா. இருட்டிலும் அங்கிருந்து விலாவை எண்ணிவிடலாம். டாக்டர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

அடுத்தது தொப்புள். வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டுக்கொள். எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விரலை வை. 1889இல் மெக்பர்னி என்ற அமெரிக்க டாக்டர் குறித்துவைத்த இடம். அதற்கு உள்ளே குடல்வால். பர்மியத்தில் ‘ஊ அத்தெக்’, குடலில் முளைத்த கிளை. ஆங்கிலத்தில் அப்பெண்டிக்ஸ். அது வீங்கினால் வலி முதலில் தொப்புளைச் சுற்றி வரும், அப்புறம் இந்த இடத்துக்கு நகரும். அப்படி நகர்கிற வலியோடு யார் வந்தாலும் வயிற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடாதே, நாளைக்கு நர்ஸ் ஆனதும் ஞாபகம் வைத்துக்கொள். மேலே தட்டோன் வாசகருக்குக் குடலிறக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன், படித்தாயா? குடல்வாலை முதன்முதலில் வெட்டி எடுத்ததாக எழுதிவைத்திருக்கிற ஆபரேஷன் 1735இல் லண்டனில் நடந்தது. கிளாடியஸ் அம்யாண்ட் என்ற டாக்டர் 11 வயதுப் பையனுக்குக் குடலிறக்கத்தைத் திறந்தபோது, உள்ளே குடல்வால் மாட்டிக்கொண்டிருந்தது. பையன் விழுங்கின குண்டூசி அதைக் குத்தியிருந்தது. மயக்க மருந்தே இல்லாத காலம். பையன் பிழைத்துக்கொண்டான்.

ஒரு நோட்டு வாங்கி மூன்று பத்தி கோடு போடு. தமிழ், பர்மியம், ஆங்கிலம். ஒவ்வொரு உறுப்புக்கும் மூன்று பேரையும் எழுது. தமிழ்ப் பத்திக்குப் பாட்டியைக் கேள், பர்மியப் பத்திக்கு உன் சயாமாவை, அதாவது பள்ளி டீச்சரைக் கேள். இருபது உறுப்பு எழுதினதும் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். முதல் வரியை நானே தருகிறேன்: மண்ணீரல். இடது பக்கம், கீழ் விலாக்களுக்குள் ஒளிந்திருக்கும். மலேரியா வந்தவர்களுக்கு வீங்கி வெளியே தட்டுப்படும். பர்மியத்தில் அதற்கு ‘தயெக்-யுவெக்’ என்று பேர். அந்தச் சொல்லுக்கு மாவிலை என்றும் அர்த்தம் இருக்கிறது. ஏன் அந்தப் பேர் வந்தது என்று சயாமாவிடம் கேட்டு எழுது.